நர்ஸம்மா குடித்த காபி

எங்கள் தெருப் பெண்கள் நர்ஸம்மாவிடம் எதிர்பார்த்தது இரண்டே வார்த்தை. "ஒண்ணும் ஆகாது." வலி கண்டவளுக்கும் அது போதும், அவள் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் அது போதும், வாசலில் வேட்டி நுனியைத் திருகிக்கொண்டு நிற்கும் புருஷனுக்கும் அது போதும். ஆனால் அதை மட்டும் அந்த மனுஷி வாயிலிருந்து யாராலும் வரவழைக்க முடியவில்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், கோபித்துப் பார்த்தார்கள். ம்ஹூம்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை கோத்திருந்ததால் வேதக்காரப் பெயராகத்தான் இருக்கும். எங்களுக்கு அவர் நர்ஸம்மா, அவ்வளவுதான். பாலக்கரையிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வந்து ஸ்ரீரங்கத்தில் முனிசிபாலிட்டி பிரசவ நிலையத்தில் வேலை பார்த்தார். கூப்பிட்டால் வீட்டுக்கும் வருவார். வெள்ளைப் புடவை, ஒரு கம்பி மடங்கிய குடை, தோள் இறங்கிப்போகும் கனத்தில் ஒரு தோல் பை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் வார்த்தை, "கொஞ்சம் உக்காந்துக்கறேம்மா" என்பதுதான். உட்கார்ந்து, செருப்புத் தடம் பதிந்த பாதத்தைக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டு, கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார். உள்ளே பிள்ளைத்தாய்ச்சி கத்திக்கொண்டிருந்தாலும் அந்த ஒரு மூடித் திறத்தல் கட்டாயம் உண்டு. களைப்புதான் அவருடைய முகம். களைப்பில்லாத முகத்தோடு அவரை நான் பார்த்ததே இல்லை.

நான் அடையவளஞ்சான் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தது ஐம்பதுகளின் நடுவில். என் வீட்டுக்காரருக்கு மொட்டைக்கோபுரத்துப் பக்கம் பாத்திரக்கடை. வந்த புதிதிலேயே பக்கத்து வீட்டுத் தையற்காரர் மனைவிக்குப் பிரசவம். அவள் அம்மா நர்ஸம்மாவைப் போட்டுப் பிய்த்து எடுத்ததைச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று கேட்டேன்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க நர்ஸம்மா. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தலை கீழதான் இருக்கு. துடிப்பு நல்லா இருக்கு."

"அது சரிங்க. ஒண்ணும் ஆகாதுல்ல?"

"தெரியாதும்மா."

"தெரியாதுன்னா என்னங்க இது? எத்தனை பிரசவம் பாத்திருக்கீங்க!"

"அத்தனை பாத்ததுனாலதாம்மா சொல்றேன்."

என்ன கல்நெஞ்சு என்று நினைத்தேன். அடுத்த வருஷமே எனக்கும் முறை வந்தது. வலி முற்றினபோது, "நர்ஸம்மா, நான் செத்துப்போயிடுவேனா?" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தெரியாது. இப்பக் கத்தாத, மூச்சை விடு" என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தெரியாதாமே, எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினேன். பெண் பிறந்தது. அந்தக் கோபத்திலேயே பிள்ளையைப் பெற்றுவிட்டாள் என்று என் வீட்டுக்காரர் வெகுநாள் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

வாயிலிருந்து ஒன்றும் வராது என்று தெரிந்தபிறகு எங்கள் தெரு சும்மா இருக்குமா? வேறு வழி கண்டுபிடித்துவிட்டது. காபி.

யார் முதலில் கவனித்தார்களோ, தெரியாது. நர்ஸம்மா சில வீடுகளில் காபி கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். சில வீடுகளில், "வேண்டாம்மா, இருக்கட்டும்" என்று எழுந்துவிடுவார். காபி குடித்த வீடுகளில் எல்லாம் பிரசவம் வீட்டிலேயே நல்லபடியாக நடந்தது. குடிக்காத வீடுகளில் எல்லாம், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பதில்தான் போய் முடிந்தது. சில வீட்டில் அதைவிட மோசமாகவும் முடிந்தது. இதில் மாயமும் இல்லை மந்திரமும் இல்லை. தான் ஏற்றுக்கொள்ள முடியாத ஒரு பிரசவத்துக்கு அந்த வீட்டுக் காபியை வாங்கிக் குடித்துவிட்டு "என்னால ஆகாது" என்று சொல்ல அவருக்குக் கூச்சம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் தெரு அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. நர்ஸம்மாவுக்கு முன்னாடியே தெரிந்துவிடுகிறது, வாயால் சொல்லக்கூடாது என்று ஏதோ விரதம், அதனால் டம்ளரால் சொல்கிறார் என்று முடிவு பண்ணிவிட்டார்கள்.

அதன்பிறகு நர்ஸம்மா ஒரு வீட்டிலிருந்து வெளியே வந்தால், "என்ன சொன்னாங்க?" என்று யாரும் கேட்கமாட்டார்கள். "குடிச்சாங்களா?" என்றுதான் கேட்பார்கள். "பாதி குடிச்சாங்க" என்று ஒருத்தி சொல்லிவிட்டுப் பத்து நாள் தூங்காமல் கிடந்தாள். இன்னொரு வீட்டில் எப்படியாவது குடிக்க வைத்துவிட வேண்டும் என்று கள்ளிச்சொட்டாகப் பால் வாங்கி, ஏலக்காய் வேறு தட்டிப்போட்டுக் கொடுத்தார்கள். அவர் ஒரு வாய் வைத்து முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தார். அந்த வீட்டில் ஒரே அழுகை. பிறகு சுகப்பிரசவம்தான் ஆனது, அது வேறு கதை. இவ்வளவு கூத்து நடந்துகொண்டிருப்பது அந்த மனுஷிக்குத் தெரியவே தெரியாது.

என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது, எட்டாம் மாதம், ஒருநாள் மத்தியானம் முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். வலி கிலி ஒன்றும் இல்லை. காலடியில் ஈரமாக இருக்கிறதே, துணி சொட்டுகிறதோ என்று குனிந்து பார்த்தால் ரத்தம். கொஞ்ச நேரத்தில் தானாகவே நின்றும்விட்டது. என் வீட்டுக்காரர் பயந்துபோய் என்னைத் திருச்சிக்கு ஒரு லேடி டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போனார்.

டாக்டரம்மா சின்ன வயசு, ஆனால் பேச்சில் வழவழா கிடையாது. நஞ்சுக்கொடி குழந்தைக்கு முன்னால் வந்து வழியை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, குழந்தை வெளியே வரவேண்டுமென்றால் முதலில் நஞ்சு பிய்ந்தாக வேண்டும், அது பிய்ந்தால் தாய்க்கு ரத்தம் நிற்காது, வயிற்றைத் திறந்துதான் குழந்தையை எடுக்க வேண்டும் என்றார். "இப்பவே அட்மிட் ஆயிடுங்க. மறுபடி எப்ப ரத்தம் போகும்னு சொல்லமுடியாது." வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறோம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். டாக்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார்.

வீட்டில் என்றால் அண்ணி. என் வீட்டுக்காரருக்கு மூத்த அக்கா, தாலி இழந்து தம்பியோடு வந்து தங்கி, அவரை வளர்த்து ஆளாக்கியவர். மாமியார் இல்லாத வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். கெட்டவர் என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். மசக்கையில் நான் எதைத் தின்றாலும் வாந்தி எடுத்தபோது புளிப்பு நார்த்தங்காயைக் கையில் வைத்துக்கொண்டு என் பின்னாலேயே அலைந்தவர். ஆனால் ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய ஒரே மகளை வெளியூரில் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்தார்கள். மகளும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை.

"ரத்தம்தான் நின்னுபோச்சே, இன்னும் எதுக்கு?" என்றார் தம்பியிடம். "மொதப் பொண்ணு இந்த வீட்லதானே பொறந்துச்சு? அதே நர்ஸம்மா, அதே அறை. வயித்தை அறுத்து எடுக்கறதுக்கு இவ என்ன பூசணிக்காயா?"

"டாக்டர் சொல்றாங்களேக்கா."

"என் பொண்ணுக்கும் டாக்டர்தான்டா சொன்னாங்க."

என் வீட்டுக்காரர் ராத்திரி சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். நான்? என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் பேசும்போது டாக்டர் சொல்வதுதான் சரி என்று படும். அண்ணி என் தலையைத் தடவும்போது அண்ணி சொல்வதுதான் சரி என்று படும். கத்தியை நினைத்தால் வீட்டிலேயே பெற்றுவிடலாம் என்று இருக்கும், காலடியில் பார்த்த ரத்தத்தை நினைத்தால் இப்போதே பஸ் ஏறிவிடலாம் என்று இருக்கும். இப்படியும் அப்படியுமாக நினைத்து நினைத்து ஓய்ந்துபோனேன். யாராவது ஒருத்தர் முடிவு பண்ணித் தொலைத்தால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் நர்ஸம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுவது என்று தீர்ந்தது.

அவர் வந்தது மறுநாள் சாயங்காலம். கொள்ளிடக்கரையில் ஒரு குடிசையில் விடிகாலையிலிருந்து ஒரு பிரசவத்தோடு போராடிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். புடவைக் கரையில் சேறு. வழக்கம்போல உட்கார்ந்தார், ஆனால் மூடிய கண்ணைச் சீக்கிரம் திறக்கவில்லை. தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன். பிறகு எழுந்து வந்து, குழந்தையின் துடிப்பைக் கேட்கும் மரக்குழலைப் பையிலிருந்து எடுத்து, என் வயிற்றில் வைத்துக் காது கொடுத்தார். கையால் வயிற்றை மேலோடு தொட்டுப் பார்த்ததோடு சரி. உள்ளே சோதனை எதுவும் பண்ணவில்லை.

"டாக்டரம்மா சொன்னது சரிதான்" என்றார். "போய் அட்மிட் ஆயிடுங்க. இது என்கிட்ட இல்ல. தள்ளிப்போடாதீங்க."

தெளிவாகத்தான் சொன்னார். என் வீட்டுக்காரர் கேட்டார், நான் கேட்டேன், அண்ணியும் கேட்டார். அடுத்த நிமிஷம் அண்ணி அடுக்களையிலிருந்து காபியோடு வந்தார்.

"ஒரு வாய் காபி சாப்பிடுங்க நர்ஸம்மா."

நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைத்தான் பார்த்தேன். நர்ஸம்மா கையை நீட்டி வாங்கினார். ஆற்றக்கூட இல்லை. மடக்மடக்கென்று குடித்தார். குடித்துவிட்டு, கொஞ்சம் வெட்கத்தோடு, "இன்னும் கொஞ்சம் இருக்காம்மா?" என்றார்.

அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மகள் போனபிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் இன்னொரு டம்ளர் நிறைய எடுத்துவந்து கொடுத்தார். நர்ஸம்மா அதையும் குடித்துவிட்டு, "சொன்னது ஞாபகம் இருக்கட்டும், நாளைக்கே போயிடுங்க" என்று குடையை ஊன்றிக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்பும் முன்பே தெருவுக்கெல்லாம் தெரிந்துவிட்டது. இரண்டு டம்ளர்! இதுவரை எந்த வீட்டிலும் அப்படிக் குடித்ததில்லையாமே!

ஆஸ்பத்திரிப் பேச்சு அன்றோடு நின்றது. அண்ணி தாயார் சந்நிதிக்குப் போய் நெய் விளக்கு ஏற்றிவிட்டு வந்தார். என் வீட்டுக்காரர் மட்டும், "ஆனா அவங்க போகச்சொன்னாங்களேக்கா" என்று முனகினார். "ஆஸ்பத்திரி வேலையில இருக்கறவங்க, டாக்டர் சொன்னதுக்கு மாத்திச் சொன்னா வேலை போயிடாதாடா? அதான் வாயால அப்படிச் சொன்னாங்க. மனசுல இருக்கறதைக் குடிச்சுக் காமிச்சுட்டாங்க" என்றார் அண்ணி. கேட்பதற்கு எவ்வளவு நியாயமாக இருந்தது தெரியுமா? படித்தவர் என் வீட்டுக்காரர், அவரே தலையை ஆட்டினார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆடிப்பெருக்கு அன்று காலை. அடுக்களையில் அண்ணி சித்திரான்னத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். காவிரிக்குப் போகவேண்டும் என்று என் பெண் புதுப்பாவாடையைக் கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தேன். ரிப்பனை முடியும்போது மறுபடி அந்த ஈரம். இந்தத் தடவை அது நிற்கவில்லை.

நர்ஸம்மாவுக்கு ஆள் ஓடியது. அவர் வந்தபோது நான் அறையில் பழைய புடவைகளின் மேல் படுத்திருந்தேன். அண்ணி வெந்நீர், விளக்கெண்ணெய், கிழிதுணி எல்லாம் எடுத்துவைத்துத் தயாராக இருந்தார். நர்ஸம்மா வாசற்படியில் காலை வைத்தவர் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றார். உட்காரவில்லை. முதல்முறையாக அவர் உட்காராமல் நின்றதைப் பார்த்தேன்.

"இவ இன்னும் இங்கதான் இருக்காளா?" என்றார்.

அண்ணி வெந்நீர்ப் பாத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நான் அன்னிக்கே போகச்சொன்னேனே! ஏன் போகல?"

"நீங்கதான் காபி குடிச்சீங்களே?" என்றார் அண்ணி.

நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை. "என்னது?"

"நீங்க காபி குடிச்ச வீட்ல ஒண்ணும் ஆகாதே. ரெண்டு டம்ளர் குடிச்சீங்களே நர்ஸம்மா!" அண்ணியின் குரல் உடைந்தது. அதில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதே என்ற கெஞ்சல்.

நர்ஸம்மா எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். இத்தனை வருஷம் இந்தத் தெருவில் தன் முதுகுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று அந்த ஒரு நிமிஷத்தில் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"மாதாவே" என்றார் மெதுவாக. "அம்மா, அன்னிக்குக் காலைலேருந்து நான் பச்சத்தண்ணி குடிக்கல. பசி. அதான் குடிச்சேன்."

அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டக்கூடத் தெம்பில்லாதவர் மாதிரி பையைக் கீழே போட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "டாக்ஸி கொண்டுவாங்க. ஜட்கா வேண்டாம், குலுங்கும். ஓடுங்க" என்றார். அண்ணி, "வேண்டாம் நர்ஸம்மா, அங்க வேண்டாம், நீங்களே பாத்துடுங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். நர்ஸம்மா அந்தக் கையை உதறவில்லை. "இங்க வெச்சுப் பாத்தா நான் பொணத்தைத்தாம்மா உங்க கையில குடுப்பேன்" என்றார். அண்ணி கையை விட்டார்.

டாக்ஸியில் பின் சீட்டில் என் தலை நர்ஸம்மா மடியில். முன்னால் என் வீட்டுக்காரர். அம்மாமண்டபம் சாலையில் ஜனம் நெரிகிறது, காவிரிக்குப் போகிற கூட்டம், கையில் முளைப்பாரியும் காதோலை கருகமணியுமாக. டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார், யார் வழி விடுகிறார்கள்? பாலத்தின் மேல் புதுவெள்ளம் பார்க்க நின்ற கூட்டம் வேறு. என் வீட்டுக்காரர் இறங்கி வண்டிக்கு முன்னால் ஓடினார். "வழி விடுங்கய்யா, வழி விடுங்கம்மா, உயிர் போகுதுய்யா" என்று அவர் கத்தியது கேட்டது. அவ்வளவு சத்தமாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

நர்ஸம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். முதலில் இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலத்தில் ஏறியதும் விரலைக் கொஞ்சம் மேலே நகர்த்தினார், கொஞ்சம் கீழே நகர்த்தினார். பிறகு அந்தத் தேடலை விட்டுவிட்டு என் உள்ளங்கையைத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். எனக்குக் குளிரெடுத்தது. ஆடி மாத வெயில், எனக்குப் பல் கிட்டியது.

"நர்ஸம்மா," என்றேன். "எனக்கு என்ன ஆகும்?"

தெரியாது என்று சொல்வார், கோபம் வரும், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு எப்படியாவது அக்கரைக்குப் போய்விடலாம் என்றுதான் கேட்டேன் போலிருக்கிறது.

அவர் குனிந்து என் முகத்துக்குப் பக்கத்தில் வந்தார். நெற்றியில் ஒட்டியிருந்த மயிரை ஒதுக்கிவிட்டார்.

"ஒண்ணும் ஆகாது கண்ணு" என்றார். "உனக்கு ஒண்ணும் ஆகாது."

அதுவரை எனக்கு இருந்ததெல்லாம் பயமே இல்லை. அந்த வார்த்தையைக் கேட்டபோதுதான் நிஜமான பயம் என்னவென்று தெரிந்தது. எங்கள் தெருவே வருஷக்கணக்காகக் கேட்டுக் கிடைக்காத வார்த்தை, எனக்குக் கிடைத்துவிட்டது. ஐயோ, நான் போய்விட்டேன் என்று நினைத்தேன். என் பெண்ணுக்குப் பின்னலை முடிக்காமல் வந்துவிட்டேனே என்று நினைத்தேன். பிறகு எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

பிழைத்துக்கொண்டேன். அதனால்தானே இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பையன் பிறந்தான், பூனைக்குட்டி மாதிரி இருந்தானாம், அழுவதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டானாம். யார் யாரோ ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். கண் விழித்தபோது அண்ணி கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான் விழித்ததைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். மகளுக்கு அழாத அழுகையையும் சேர்த்து அழுதார் என்று தோன்றியது. அவரைப் பார்க்க எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

நர்ஸம்மா ஒரு நாள் வந்து பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். அண்ணி கூஜாவிலிருந்து காபி ஊற்றி, தலையைக் குனிந்துகொண்டு நீட்டினார். நர்ஸம்மா டம்ளரைப் பார்த்தார்.

"வேண்டாம்மா," என்றார். "இருக்கட்டும்."

அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் அவர் வாயை நனைக்கவில்லை. நல்ல பிரசவமோ கெட்ட பிரசவமோ, எவ்வளவு களைத்து வந்தாலும், காபி வேண்டாம், மோர் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். பையிலேயே ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து, வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று குடிப்பார். நாள் முழுக்க நின்று பிள்ளை எடுத்துப்போடுகிற மனுஷிக்கு இருந்தது அந்த ஒரு வாய் காபிதான். அதையும் நாங்கள் பிடுங்கிக்கொண்டோம்.

சில வருஷங்கள் கழித்து, அறுபதுகளில், நான் மறுபடி உண்டானேன். நர்ஸம்மா அப்போது ரிடையர் ஆகிவிட்டார். அதே டாக்டரம்மா, ஒரு தடவை திறந்த வயிறு, மறுபடியும் திறந்துதான் எடுக்கவேண்டும், வலி காணும்வரை காத்திருக்கக் கூடாது என்றார். எங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருந்த இன்னொரு மருத்துவச்சியோ, இந்தத் தடவை ரத்தம் போகவில்லையே, நஞ்சு மேலேதான் இருக்கும், வீட்டிலேயே சுகமாகப் பெறலாம், தான் பொறுப்பு என்றாள். "ஒண்ணும் ஆகாது, நான் சொல்றேன்" என்று கையில் அடித்துச் சத்தியம் வேறு பண்ணினாள். இந்தத் தடவை அண்ணி வாயைத் திறக்கவில்லை. "நீயே முடிவு பண்ணிக்கம்மா" என்றுவிட்டார். முன்பு யாரும் கேட்கவில்லை என்று குறைப்பட்டேன். இப்போது கேட்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மறுபடி கத்தியா, மறுபடி அந்த மயக்கமா, இரண்டு பிள்ளைகளை விட்டுவிட்டு மறுபடி அந்தப் பாலமா? உடம்பும் மனசும் ஒருசேர அலுத்துப்போன ஒரு நாளில் டவுன் பஸ் ஏறிப் பாலக்கரைக்குப் போனேன்.

மாதா கோயில் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை வீடு. நர்ஸம்மா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, முக்காலி மேல் கிடந்தன. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அடையவளஞ்சான் தெரு" என்றார். பிறகு, "ரெண்டு டம்ளர்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவரே மெல்ல எழுந்துபோய்க் காபி போட்டார். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. அவர் டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது என்னை அறியாமல் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்ன பாக்கற? என் வீட்டுக் காபி. இதுல ஒண்ணும் இல்ல, சிக்கரிதான் ஜாஸ்தி" என்றார்.

காபி குடித்து முடித்தபிறகு கேட்டேன். வெகுநாளாகக் கேட்கவேண்டும் என்று இருந்தது.

"நர்ஸம்மா, அன்னிக்கு டாக்ஸியில எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னீங்க. யாருக்குமே சொல்லமாட்டீங்களே. எனக்கு மட்டும் ஏன் சொன்னீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"உன் நாடி எனக்குக் கெடைக்கலம்மா," என்றார். "வேற என்னத்தைச் சொல்ல?"

வெளியே கோயில் மணி அடித்தது. அவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சொன்னதைச் சொன்னேன், தெருவில் அந்த மருத்துவச்சி சத்தியம் பண்ணியதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"சத்தியம் பண்றவகிட்ட போகாத. ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் சொன்ன தேதிக்கு முன்னாடியே போய்ப் படுத்துக்க."

"போறேன். இந்தத் தடவை எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல நர்ஸம்மா?"

கேட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். டம்ளரை இல்லை, முகத்தை. என் மணிக்கட்டை அவர் எட்டிப் பிடித்தார். இரண்டு விரலை வைத்து அழுத்தினார். விரல் அங்கேயும் இங்கேயும் நகரவில்லை, வைத்த இடத்திலேயே இருந்தது.

"தெரியாதும்மா" என்றார், வழக்கமான அலுப்போடு.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நான் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.